நெட்டுக்கு முன்னால் ஒரு புள்ளி

காலையில் ஷட்டரைத் தூக்கி, பிஸ்மில்லா சொல்லி, நாற்காலியில் உட்காருவதற்குள் வருகிற முதல் போன் வில்லங்கமான போனாகத்தான் இருக்கும். பதினோரு வருஷமாகப் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இந்த ஒரு கணக்கு மட்டும் எனக்குத் தப்பியதே இல்லை. அந்த வியாழக்கிழமையும் தப்பவில்லை.

"ரூபினாவா? நான் சீனிச்சாமி பொஞ்சாதி மொக்கம்மா பேசுறேன் தாயி. இந்த லாப்டாப்பு பேச மாட்டேங்குது."

"பேச மாட்டேங்குதுன்னா?"

"பேச மாட்டேங்குதுன்னா பேச மாட்டேங்குது. அவரு தட்டுறாரு, அது வாயத் தெறக்கல. சாயந்தரம் நாலு மணிக்கு நம்ம மக ஜோதிக்குத் தட்டு மாத்துறாக."

அந்த லாப்டாப்பில் கடைசியாகக் கை வைத்தவள் நான்தான்.

சீனிச்சாமி அண்ணன் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு முப்பது வருஷம் ஜீப்பு ஓட்டியவர். அவருடைய ஜீப்பில் ஹாரன் கெட்டுப்போய் ஆறு வருஷம் அதை மாற்றவே இல்லை. வளைவில் அவரே தலையை வெளியே நீட்டி ஒரு சத்தம் கொடுப்பார்; எதிரே வருகிறவன் தன்னால் ஒதுங்குவான். ஒரு சரிவில் நின்று அவர் கூப்பிட்டால் எதிர்ச் சரிவில் காய் எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "சீனியண்ணே... ஓய்!" என்று பதில் கூவுவார்கள். அந்தத் தொண்டையில்தான் நோய் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஆபரேஷன் செய்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்துவிட்டார். குரல் போனது போனதுதான்.

ஆனால் ஆபரேஷனுக்கு முந்தின வாரம் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் வந்து, அவரை மூன்று நாள் உட்கார வைத்து, பேசச் சொல்லிச் சொல்லிப் பதிந்துகொண்டார்கள். அதை வைத்து ஒரு மென்பொருள் செய்து லாப்டாப்பில் போட்டுக் கொடுத்தார்கள். தமிழில் தட்டினால் அது அவர் குரலிலேயே பேசும். அண்ணன் ஒற்றை விரலால்தான் தட்டுவார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு டீ குடித்துவிடலாம். ஆனாலும் அது அவர் குரல்.

போன வாரம் அந்த லாப்டாப்பு வைரஸ் பிடித்துத் திணறுகிறது என்று என் கடைக்கு வந்தது. எல்லாவற்றையும் அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, குரல் மென்பொருளையும் பதிவுகளையும் திரும்ப ஏற்றினேன். திரையில் அதன் படம் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். கடையில் ஒரே கூட்டம். திறந்து ஒரே ஒரு வார்த்தை பேசவைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அப்படியே மூடி ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டேன். செய்த காரியம் அதுதான். பூசி மெழுக ஒன்றுமில்லை.

"எத்தன நாளாக்கா பேசல?"

"மூணு நாளா."

"மூணு நாளா எனக்கு ஏன் சொல்லல?" என்று கத்தினேன். தப்பு என் பக்கம் என்று தெரிந்தால் என் குரல் இன்னும் உயரும்; அது என் பிறவிக் குணம்.

"நெட்டு இல்லாததுக்கு நீ என்ன தாயி செய்வ?"

"நெட்டா?"

அந்தப் பக்கம் போன் கை மாறியது. ஒரு கனைப்பு. சீனிச்சாமியின் அண்ணன் ஜக்கையன். தோட்டத்து லயத்து வீடுகளில் இங்கிலீஷ் தெரிந்தவர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அவருக்கு வைத்தவர் அவரே.

"அதாவது பாப்பா, கம்ப்யூட்டரு ஒரு கட்டம் போட்டுக் காட்டுது. நான் படிச்சிட்டேன். என், இ, டி. நெட்டு. அங்கிட்டு மூணு போட்டு அஞ்சு. மூணரை ஜிபி நெட்டு கேக்குது. ரீசார்ஜ் கடை போர்டுலயும் இப்பிடித்தான எழுதியிருப்பான்?"

"மூணரை ஜிபியா?"

"ஆமா. போட்டுவிட்டுட்டேன். எம் போன்ல நாலு ஜிபியே கெடக்கு. நெட்டு கெடைக்கிறது முகட்டுல மட்டுந்தான? மூணு நாளா லாப்டாப்பத் தூக்கிக்கிட்டு முகட்டுக்குப் போறோம் வாரோம். நீலமா ஒரு கோடு ஓடுது, பாதியில செத்துப் போகுது. இந்த மழையில டவருக்குச் சீவனில்ல."

நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். அந்த மென்பொருளுக்கு நெட்டே வேண்டியதில்லை. டவரே கிடைக்காத வளைவுகளில் ஜீப்பில் உட்கார்ந்து அண்ணன் அதில் பேசியிருக்கிறார், நானே கேட்டிருக்கிறேன். கட்டத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லவும் வழியில்லை. அங்கே போனில் பேச்சு மட்டும்தான் வரும், அதுவும் தண்ணித் தொட்டி மேட்டில் நின்றால். லயத்தில் இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போயாகிவிட்டது. கல்யாணப் பெண் ஜோதி கோயம்புத்தூரில் நர்ஸ். அவள் இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

"பெரியவரே, போன மொக்கம்மாக்காகிட்டக் குடுங்க."

"அவளுக்கு இங்கிலீசு..."

"குடுங்கங்கிறேன்ல!"

குடுத்தார். மொக்கம்மாக்கா குரலைத் தாழ்த்தினாள். "தாயி, ஒன்கிட்ட மறைக்கிறதுக்கென்ன. இவுக அண்ணன் மூணு நாளா வெள்ளை வேட்டியக் கட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு 'சம்மதம், சம்மதம்'னு சொல்லிப் பாக்குறாரு. இவருக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

விஷயம் இதுதான். இவர்கள் வழக்கத்தில் தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் சபையில் கேட்பார்: பெண்ணைக் கொடுக்கச் சம்மதமா? பெற்றவர் வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. பெற்றவரால் முடியாவிட்டால் பங்காளி சொல்லலாம். பங்காளி என்றால் ஜக்கையன். சீனிச்சாமி அண்ணன் இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு வருஷமாகக் காத்திருந்தார்.

"அக்கா, லாப்டாப்பு இப்ப எங்க?"

"எங் கையிலதான். மொறத்துல வச்சு, மேல சாக்கப் போத்திக் கொண்டாந்திருக்கேன். தூத்தல் விழுகுதுல்ல."

"அந்தக் கட்டத்துல நெட்டுன்னு எழுதியிருக்கிறதத் தவிர வேற என்னதான் இருக்கு?"

"எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். இங்கிலீசுல நான் என்னத்தக் கண்டேன்?" தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள்: "ஒரு புள்ளி இருக்கு."

"எங்க?"

"இவரு நெட்டு நெட்டுங்கிறாருல்ல, அதுக்கு முன்னாடி. ஒட்டுனாப்புல. பொடிப் புள்ளி."

பின்னாலிருந்து ஜக்கையன், "அது ஈ இருந்த எடம்" என்றார்.

"தொடச்சுப் பாத்துட்டேன். போகல. ஈயுமில்ல, அழுக்குமில்ல. எழுத்தோட பொறந்த புள்ளி." அக்கா குரலில் ஒரு மிடுக்கு ஏறியது. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலுமாக இருபது வருஷம் போடி ஏலக்காய்க் கடைகளில் காய் பொறுக்கியவள் அவள். முறத்தில் ஓடுகிற பச்சைக் காயில் பூச்சி வைத்த புள்ளிக்காய் ஒன்று இருந்தாலும் கை தானாகப் போய் எடுத்துவிடும். "மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுலயும் ஒண்ணு இருக்கு. இதே மாதிரி."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "யா அல்லா! அக்கா, உங்க கண்ணுக்குச் சுத்திப் போடணும்!"

"என்ன தாயி, கெட்ட சேதியா?"

"நல்ல சேதி! அது நெட்டு இல்ல. டாட் நெட்டு!"

டாட் நெட் என்றால் இண்டர்நெட் இல்லை. சில மென்பொருள்கள் ஓடுவதற்குத் தேவையான அடிப்படைச் சாமான் அது, ரன்டைம் என்போம். அது இல்லாவிட்டால் மென்பொருள் இருந்தும் இல்லாத மாதிரிதான். பாட்டுக்காரர் மேடை ஏறிவிட்டார், ரேடியோ செட்டுக்காரர் வரவில்லை என்றால் எப்படியோ அப்படி. அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் அதன் பழைய மூன்று புள்ளி ஐந்து பதிப்பை நம்பிச் செய்திருக்கிறார்கள். அதையும் அவர்களே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். புது விண்டோஸில் அது தானாக வராது. நான் எல்லாவற்றையும் துடைத்தபோது அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், நல்ல நெட் இருந்தால் அதுவே இறக்கிப் போட்டுக்கொள்ளும். ஆக ஜக்கையன் சொன்னதும் பாதி சரி. இதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்க முடியாது.

நெட் இல்லாமல் அதைப் போட ஒரு வழி உண்டு. அதே விண்டோஸ் பதிப்பின் டிஸ்கிலிருந்து ஒரு போல்டரை எடுத்துப்போய், கறுப்புத் திரையில் முழ நீளத்துக்கு ஒரு கட்டளையை இங்கிலீஷில் அடிக்க வேண்டும். ஒரு இடைவெளி தப்பினாலும் ஓடாது. அதைப் போனில் ஜக்கையனுக்குச் சொல்லி அடிக்கவைப்பதை நினைத்தேன். அந்தப் போல்டரை ஏற்றிய பென் டிரைவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கடையைச் சாத்தினேன்.

"அக்கா, ஆதார் பிரிண்ட்டு?" என்றார் வாசலில் நின்றவர்.

"ஆதார் எங்கயும் ஓடிப் போகாது. நாளைக்கு வாங்க!"

தோட்டத்துக்கு ஏறுகிற லிங்கேஸ்வரனின் ஜீப்பு பதினோரு மணிக்குப் புறப்படும். முன் சீட்டில் ஜோதி. தூக்கம் கெட்டு விடிகாலைப் பஸ்ஸில் வந்த முகம், மடியில் பூப்பொட்டலம்.

"என்னக்கா, நீங்களும் மேலயா? லோடு ஒண்ணையும் காணோம்?" என்றான் லிங்கேஸ்வரன்.

"சட்டைப்பையில இருக்கு. ரன்டைம்."

"ரன்னு டைமா? எனக்கெதுக்கு? நான் எப்பவும் டயத்துக்குத்தான் ஓட்டுறேன்."

"அப்ப இன்னைக்கும் வெரசா ஓட்டு."

குரங்கணி தாண்டி ஜீப்புப் பாதையில் ஏறியதும் பேச்சு நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடிக்கவே நேரம் சரியாக இருந்தது. ஒரு பாறையைத் தாண்டிய பிறகு ஜோதி சொன்னாள்: "அக்கா, நான் மாப்ள வீட்ல சொல்லிட்டேன். அப்பா குரல்ல சொல்லாம நான் தட்டுக்கு முன்னாடி வந்து நிக்க மாட்டேன்."

"அப்பிடியெல்லாம் பேசக்கூடாது. பெரியப்பா சொன்னாலும்..."

"பெரியப்பாவா என்னைய ஜீப்புல உக்கார வச்சு தெனம் பள்ளிக்கூடத்துல எறக்கிவிட்டாரு?"

பென் டிரைவ் இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு பத்துத் தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பேன்.

லயத்து வாசலில் பந்தல் போட்டிருந்தது. ரேடியோ செட்டின் குழாய் ஸ்பீக்கர் பள்ளத்தைப் பார்த்துக் கட்டியிருந்தது. சீனிச்சாமி அண்ணன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். மூன்று நாளாகச் சோறு இறங்காதது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அழுகையாக வந்தது. அதை மறைக்கக் கோபப்பட்டேன்.

"எல்லாம் என் தப்புண்ணே. பேசவச்சுப் பாக்காம அனுப்பிட்டேன். நீங்க என்னைய நாலு வார்த்த திட்டணும். அதுக்காகவாச்சும் இத ஓட வைக்கிறேன்."

அண்ணன் தோளைக் குலுக்கிச் சத்தமில்லாமல் சிரித்தார்.

கறுப்புத் திரையைத் திறந்தேன். கட்டளையை அடித்தேன். ஒரு தடவை தப்பு. மறுபடி அடித்தேன். சதவீதம் ஏறத் தொடங்கியது. இருபது, நாற்பது, அறுபது. அறுபத்தாறில் நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான்.

ஜக்கையன் வெள்ளை வேட்டியில் என் தோளுக்கு மேலே குனிந்தார். "மேட்டுல மாட்டிக்கிச்சு போல. நான் வேணா முகட்டுக்குத் தூக்கிட்டுப் போகவா? எங்கிட்ட நாலு ஜிபி அப்பிடியே கெடக்கு."

"பெரியவரே, இத ஒரு அடி நகத்துனீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

அவர் பின்வாங்கினார். மணி இரண்டரை. மூன்று. கீழ் வளைவில் மாப்பிள்ளை வீட்டு ஜீப்புகள் உறுமுவது கேட்டது. மொக்கம்மாக்கா ஒரு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, விருந்துக்கான ஏலக்காயைப் பொறுக்கிக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

திடீரென்று நூறு.

குரல் மென்பொருளைத் திறந்தேன். கட்டம் வரவில்லை. வெள்ளைப் பலகைதான் வந்தது, தட்டுவதற்குத் தயாராக. லாப்டாப்பை அண்ணன் பக்கம் திருப்பினேன். "எதாச்சும் ஒரு வார்த்த அடிச்சுப் பாருங்கண்ணே."

எல்லாரும் அவர் அந்த வார்த்தையைத்தான் அடிப்பார் என்று நினைத்தோம். ஒற்றை விரல் நின்று நின்று நகர்ந்தது. என்ன, இவ்வளவு நீளமாக அடிக்கிறாரே என்று பார்த்தால், பொத்தானை அழுத்தினார்.

"ஏ மொக்கம்மா! இந்தப் பிள்ளைக்குக் காப்பி கொண்டா!"

கர்ரென்று, கட்டையாக, அசலான சீனிச்சாமிக் குரல். முறம் சாய்ந்து காய் எல்லாம் சிதறியது. மொக்கம்மாக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "வாயி வந்ததும் மொத வேலையா என்னைய வேலை ஏவுறதப் பாரு!" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டேதான் காப்பி போட்டாள். அதில் சர்க்கரை இரண்டு பங்கு இருந்தது. நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

நாலு மணிக்குச் சபை கூடியது. நான் ஒரு வயரை எடுத்து லாப்டாப்பை ரேடியோ செட்டோடு சேர்த்துவிட்டேன். இத்தனை பேருக்கு நடுவே லாப்டாப்பின் சின்ன ஸ்பீக்கர் எடுபடாது. அண்ணன் அந்த வார்த்தையை முன்னாலேயே அடித்துத் தயாராக வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் எழுந்தார். அவர் எழுவதற்கும், மரியாதைக்காக ஜக்கையன் லாப்டாப்பை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைப்பதற்கும் சரியாக இருந்தது. அவர் கட்டைவிரல் எதில் பட்டதோ, அடித்து வைத்த வார்த்தை அழிந்து பலகை வெறும் பலகையாகிவிட்டது.

"உங்க பொண்ண எங்க வீட்டுக்குக் குடுக்கச் சம்மதமா?"

அண்ணன் வெற்றுத் திரையைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார். ச. ஒரு தேடல். ம. மறுபடி ஒரு தேடல். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஜக்கையன் நெளிந்தார், தொண்டையைச் சரிசெய்தார், வாயைத் திறந்தார்.

"பெரியப்பா, இருங்க," என்றாள் ஜோதி. பட்டுச் சேலையில் தலையைக் குனிந்தபடிதான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "எங்கப்பா சொல்லுவாரு."

ஜக்கையன் வாய் மூடியது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரும் நல்ல மனிதர். "அவசரம் ஒண்ணுமில்ல. மெதுவாச் சொல்லட்டும்," என்று நின்றபடியே இருந்தார்.

அண்ணன் அடித்து முடித்துப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார். பின்னாலிருந்து மொக்கம்மாக்கா குனிந்து காதருகே சொன்னாள்: "கடேசிப் புள்ளி."

திரையில் 'சம்மதம' என்று நின்றது. அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தார். புள்ளியை வைத்தார். அழுத்தினார்.

"சம்மதம்!"

பந்தல் அதிர்ந்தது. குழாய் பள்ளத்தைப் பார்த்துக் கட்டியிருந்ததல்லவா, குரல் சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர் மலையில் முட்டித் திரும்பியது. ஜோதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஜக்கையன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந் தம்பி குரலு, எந் தம்பி குரலு," என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அங்கேயே அவரை மன்னித்துவிட்டேன்.

தட்டை எடுக்கப் போன நேரத்தில்தான் அது கேட்டது. எதிர்ச் சரிவில், ஏலச் செடிகளுக்குள்ளிருந்து, இரண்டு வருஷமாக யாரும் கூவாத கூவல். முதலில் ஒரு பெண். பிறகு நாலைந்து பேர் சேர்ந்து.

"சீனியண்ணே... ஓய்!"

சபையில் ஒருவரும் அசையவில்லை. தட்டு அந்தரத்தில் நின்றது. அண்ணனுக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக்கூட நேரமில்லாமல் விசைப்பலகை மேல் குனிந்து விரலை நீட்டினார். இரண்டே எழுத்து. புள்ளியை யாரும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

"ஓய்!" என்றார் சீனிச்சாமி அண்ணன்.